ஓடினால் ஆடுவாராம்

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. என்னிடம் காயில் வைண்டிங்குக்கு வந்த பம்ப் மோட்டர் ஒன்று, மிக்ஸி இரண்டு. எதையும் தொடவில்லை.

பிசியோ பெண் வந்து போனாள். இவருடைய இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பிடிப்பு வந்துருச்சு ஆன்ட்டி. விரலை விரிக்கிறதுதான் கஷ்டம். தினமும் செஞ்சாதான் வரும்." அவள் கொடுத்த ரப்பர் பந்து கோழிக்கூண்டுப் பக்கம் கிடந்ததை அவளிடம் சொல்லவில்லை. எறிந்தது யார் என்று வேறு கேட்க வேண்டுமா?

பக்கவாதம் வந்து ஏழு மாதம். கால் தேறிவிட்டது, கம்பு ஊன்றி நடக்கிறார். வாய்க்கு ஒன்றும் ஆகவே இல்லை. இடது கை மட்டும் மூடியது மூடியபடி.

அவள் போனதும் பந்துப் பேச்சை ஆரம்பித்தேன். "நான் என்ன கைக்குழந்தையா, பந்து பிடிச்சு விளையாட?" என்றார். பிறகு வராந்தாவில் தார்ப்பாய்க்குள் கிடக்கும் பின்பால் மிஷினைக் காட்டி, "அது ஓடட்டும். ஓடினா இந்தக் கையாலயே ஆடுறேன். பக்கா."

ஓடாது என்ற தைரியம். ஹேவ்லாக் தீவில் இவர் ஜெனரேட்டர் வேலை பார்த்த ரிசார்ட்டை மூடியபோது இவர் தலையில் கட்டிய மிஷின். கண்ணாடிக்கு அடியில் இரும்புப் பந்து ஓடும். பக்கத்துக்கு ஒரு பட்டன். அமுக்கினால் உள்ளே துடுப்பு எழுந்து பந்தை மேலே தட்டும். படகேறி, லாரியேறி எங்கள் ஊர் பெரார்கஞ்சுக்கு வந்தது. வந்த நாளிலிருந்து பிணம்.

சரி. ஓட வைக்கிறேன்.

தார்ப்பாயை எடுத்தேன். பல்லி முட்டை, எறும்பு. கண்ணாடியைக் கழற்றிப் பந்துகளை எவர்சில்வர் டம்ளரில் அள்ளிப் போட்டு, இவர் கட்டில் பக்க ஜன்னலில் வைத்தேன். பந்து உள்ளே இருக்கும்போது, அது ஓடும் பலகையைத் தூக்கக் கூடாது.

ஜூன் 4, புதன்

மழை இல்லை. புழுக்கம்.

ஃப்யூஸ் போயிருக்கிறது. ஃப்யூஸ் மாட்டும் கிளிப்பும் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. உப்புக் காற்று. புதுசு மாட்டியாயிற்று. ஆனால் இது 110 வோல்ட் மிஷின். ரிசார்ட்டில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்துக் குறைத்துத்தான் கொடுத்தார்களாம். அது எங்கே என்று இவரைக் கேட்டேன்.

"தெரியாது."

கோழிக்கூண்டு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருப்பது அதுதான். கழுவித் துடைத்துக் காயவைத்து, மீட்டரில் பார்த்தால் நன்றாக இருக்கிறது. என் கோழிகள் நல்ல கோழிகள்.

மாலை சுவிட்ச் போட்டேன். பல்பெல்லாம் எரிந்து வராந்தா கல்யாண வீடு மாதிரி. அதோடு சரி. சத்தமும் இல்லை, மேலே திரையில் எழுத்தும் இல்லை.

"பல்பு எரிஞ்சா ஓடுறதா அர்த்தம்?" கட்டிலிலிருந்து.

"நீங்க சும்மா இருங்க."

ஜூன் 6, வெள்ளி

நேற்று முழுக்கக் கரண்ட் இல்லை.

இன்று பிடித்துவிட்டேன். மிஷினுக்கு மூளை மாதிரி இருக்கும் போர்டில் மூன்று பேட்டரி செல். ஒழுகிப் பச்சையாகப் பூத்து, சுற்றிலும் இருந்த செம்புக் கோடுகளைத் தின்றிருக்கிறது. வினிகர் தொட்டு டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். (இவருடைய பழைய பிரஷ். பழையதுதானா என்று பார்க்க வேண்டும்.) பிறகு ஸ்பிரிட். அரித்த கோடுகளுக்குப் பதில் வைண்டிங் கம்பியில் ஒல்லியானதை எடுத்து, எனாமல் சுரண்டி, சால்டர் வைத்து ஒட்டினேன். கண் பூத்துப்போனது. பாதி முடிந்தது.

வாங்க: சால்டர், செல் 3, கோழித்தீவனம், இவருக்கு பி.பி. மாத்திரை, டூத் பிரஷ்.

சாப்பிடும்போது இடது கையைத் துண்டுக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். முன்பெல்லாம் டீசல் கேனை அந்த ஒரு கையில் தூக்கிக்கொண்டு படகிலிருந்து குதிப்பார். விருந்தாளிக்கு மறைக்கட்டும். எனக்கும் மறைக்கிறார். அதுதான் தாங்க முடியவில்லை.

ஜூன் 7, சனி

பேசுகிறது!! சுவிட்ச் போட்டதும் டுர்ர் என்று ஒரு சத்தம், எழுத்து ஓடுகிறது. இவர் கட்டிலில் எழுந்தே உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் ஸ்டார்ட் அமுக்கினால் ஆட்டம் தொடங்கவில்லை. உள்ளே ஒவ்வொரு இடமாக டக், டக் என்று தட்டுகிறது. நிற்கிறது. மறுபடி தட்டுகிறது. எழுத்தில், பந்து காணோமாம். தேடுகிறது, பாவம்.

டம்ளரில் இருந்த மூன்றையும் கீழ்ப்பள்ளத்தில் போட்டுத்தான் இருக்கிறேன். பந்து உட்காரும் ஒவ்வொரு இடத்துக்கும் அடியில் ஒரு குட்டி சுவிட்ச். எல்லாம் துடைத்து, அமுக்கிப் பார்த்தாயிற்று. எல்லாம் சரி. பிறகுதான் எண்ணினேன். சுவிட்ச் நாலு.

"மொத்தம் எத்தனை பந்துங்க?"

"மூணுதான்."

"சுவிட்ச் நாலு இருக்கே?"

"வெள்ளைக்காரன் ஒண்ணு ஸ்பேரா வெச்சிருப்பான்."

அன்று எடுக்கும்போது எண்ணித் தொலைத்திருக்கலாம். கட்டிலுக்கு அடியில், அரிசி டின்னில், சாக்கடையில் தேடினேன். எலி இழுத்திருக்குமா? இரும்பையா?

நாலாவது சுவிட்சில் காகிதம் மடித்துச் செருகி மிஷினை ஏமாற்றலாம். ஆனால் இவர் அதை ஓடியதாக ஒத்துக்கொள்ள மாட்டார். எனக்குத் தெரியாதா?

ஜூன் 9, திங்கள்

தூறல். ஒரு பந்தை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு தபன்தாவின் லாரி ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். பழைய பேரிங்கிலிருந்து ஒன்று கிடைக்காதா என்று. டப்பா டப்பாவாகக் கொட்டிப் பார்த்தார். எல்லாம் கோலிகுண்டு அளவு.

"இத்னா படா நஹி மிலேகா, தீதி. மெயின்லேண்ட் சே மங்வா லோ."

இவ்வளவு பெரிசு இங்கே கிடைக்காதாம், மெயின்லேண்டிலிருந்து வரவழைக்கணுமாம். கப்பல் என்றைக்கு வந்து, பந்து என்றைக்கு வர?

பஸ் ஸ்டாப்பில் இரண்டு பெண்கள்: "பாராடாங்ல ஃபெர்ரி நின்னுபோச்சாம்." "அப்ப என் மாமியார் இன்னிக்கு வர மாட்டாங்க!" எவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில்.

பஸ் உடனே வந்தது. வாசலில் சேறு, பின்பக்கமாக வந்தேன். சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தால் இவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். இடது கை துண்டுக்கு வெளியே. கைக்குள் பந்து. நாலாவது.

காலடியில் தலையணை. விழுந்தால் சத்தம் கேட்கக் கூடாது என்று.

பந்தைக் கீழே விடப் பார்க்கிறார். விரல் விரியவில்லை. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக்கொண்டு, கையைப் பார்த்து ஒரு கெட்ட வார்த்தை. மறுபடி. கடைசியில் சுண்டுவிரல் அசைந்தது, பிறகு அடுத்த விரல். பந்து தலையணையில் விழுந்தது. குனிந்து வலது கையால் எடுத்தார். மறுபடி இடது கைக்குள் திணித்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே திரும்பி, வீட்டைச் சுற்றிப் போய், முன் கேட்டைப் படார் என்று தள்ளி, "சே, என்ன சேறு!" என்று ஊருக்கே கேட்கக் கத்திக்கொண்டு நுழைந்தேன். தலையணை கட்டிலில் இருந்தது. துண்டு கை மேல்.

"கிடைச்சுதா?"

"இல்ல. கப்பல்லதான் வரணும். அதுவரைக்கும் கிடக்கட்டும். என்ன அவசரம்?"

நான் மீன் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 12, வியாழன்

மிக்ஸி இரண்டும் முடிந்தது. வேலையே இல்லாமல் இரண்டு தடவை கடைக்குப் போய் வந்தேன். கேட்டைச் சத்தப்படுத்தாமல் வீட்டுக்குள் வருவதில்லை.

தலையணை உறையில் துருக் கறை. துவைத்தேன். காய்ந்ததும் பழையபடி கட்டிலிலேயே போட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மழை, வெயில், மறுபடி மழை.

சோறு வைத்திருந்தேன். வராந்தாவில் கம்புச் சத்தம். போய்ப் பார்த்தால் மிஷின் பக்கத்தில் நிற்கிறார்.

"கண்ணாடியக் கழட்டு."

கழற்றினேன். வலது கையால் இடது கையைத் தூக்கி, மணிக்கட்டை விளிம்பில் சாய்த்து, பள்ளத்துக்கு நேராக வைத்தார். மூடிய கை. வலது கையை எடுத்துவிட்டார்.

உதவ நீண்ட என் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். குக்கர் விசில் அடித்தது. அடிக்கட்டும். சுண்டுவிரல். அடுத்த விரல். நிற்கிறது. அடுத்தது.

டக்.

பந்து உருண்டு போய் மற்ற மூன்றோடு உட்கார்ந்தது.

"ஸ்பேர்," என்றார், என்னைப் பார்க்காமல்.

கண்ணாடியை மாட்டி ஸ்டார்ட் அமுக்கினேன். மிஷின் தேடவில்லை. ஆட்டம் தொடங்கிவிட்டது. இடது பட்டன் இவருக்கு, வலது எனக்கு. முதல் பந்து வந்த வேகத்தில் இரண்டு துடுப்புக்கும் நடுவில் விழுந்தது.

"உன் பக்கமாத்தான் போச்சு."

"பொய். நடுவுல போச்சு."

"உன் பக்கம். பேசாம அடுத்தத விடு."

சோறு அடிப்பிடித்துவிட்டது. எண்ணிப் பார்த்தால் இவர் பக்கம் போனதுதான் அதிகம். ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.