அக்கா பல்லும் அரையிறுதியும்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அப்பாவும் நலம், என் வலது முழங்காலை மட்டும் அந்த நலத்தில் சேர்க்காதே. உன் நலம் அறிய ஆவல் என்று எழுதுவதுதான் முறை, ஆனால் நான் போன் செய்யும்போதெல்லாம் நீ ‘ம்’ என்ற ஒரே எழுத்தில் உன் உடம்பு, உன் வேலை, அங்கே பெய்கிற மழை எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லிவிடுவதால் எனக்கு ஆவல் ஒன்றும் மிச்சமில்லை. அதனால்தான் கடிதம். கடிதத்தின் நடுவில் ‘சரிம்மா, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிட முடியாது பார். கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்பப் போகிறேன். தபாலில் போட்டால் அடுத்த போட்டிக்குத்தான் வந்து சேரும், எனக்கு இது சனிக்கிழமைக்கு முன்னால் உன் கையில் வேண்டும்.

உன் தங்கை உலகத்தை ஜெயித்துக்கொண்டிருக்கிற சேதி உனக்கு எட்டியிருக்கும். வீட்டில் ஒரு கேஸ் சிலிண்டரை நகர்த்தித் தரச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்கிற மகராசி, நீ இருக்கிற அதே நாட்டில், ரக்பி மைதானத்தில், மூன்றாம் நம்பர் சட்டை போட்டுக்கொண்டு எதிரில் நிற்கிற எட்டுப் பேரைத் தோளால் முட்டித் தள்ளுகிறாள். அதற்கு ஸ்க்ரம் என்று பெயராம். நம் வீட்டில் காலையில் குளியலறை வாசலில் நீங்கள் இரண்டு பேரும் போட்டதற்குப் பெயர் தெரியாமலே இருந்துவிட்டேன். அப்புறம் அந்த விதி இருக்கிறதே, ஆட்கள் முன்னால் ஓட வேண்டும், பந்தை மட்டும் பின்னால்தான் எறிய வேண்டும். ஏதோ ஒரு ஆபீஸில் உட்கார்ந்துதான் இதை யோசித்திருப்பார்கள். பதினெட்டு வயதுக்குட்பட்ட பெண்கள், எட்டு நாடுகள், நான்கு நான்காக இரண்டு பிரிவு, ஒவ்வொரு பிரிவிலும் முதல் இரண்டு அணிகளுக்கு அரையிறுதி. நம் அணி இதுவரை முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது, அதனால் நம் ரக்பி சங்கத்துச் செயலாளர் அசைக்க முடியாத நம்பிக்கையோடு, முதல் சுற்று முடிந்த மறுநாளுக்கே எல்லோருக்கும் திரும்பி வருகிற டிக்கெட்டைப் போட்டு வைத்திருந்தார். தொலைநோக்கு என்றால் இதுதான்.

அதே செயலாளர்தான், ‘உங்க பொண்ணும் டீம்ல இருக்கா, பல் கட்டறதும் உங்க தொழில், எல்லாருக்கும் பல் கவசம் நீங்களே பண்ணிடுங்களேன்’ என்று பெருந்தன்மையோடு அந்த வேலையை என் தலையில் கட்டினார். இருபத்திமூன்று பெண்கள். ஒவ்வொருத்தி வாயிலும் பசையை அப்பி அச்செடுத்து, பிளாஸ்டர் ஊற்றிக் காயவைத்து, அதன்மேல் கவசத்தை உருக்கி இழுத்து, ஓரம் தேய்த்து முடிப்பதற்குள் என் முழங்கால் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டது. உனக்குத் தெரியும், என் பட்டறையில் பெயர் எழுதாத அச்சே இருக்காது. பல் டாக்டர் அனுப்புகிறவர்கள், நேரே வருகிறவர்கள், எல்லோர் பெயரும் தேதியும் பென்சிலால் எழுதித்தான் அலமாரியில் ஏற்றுவேன். நம் வீட்டு ஆட்களுக்கு மட்டும் ‘வீடு’ என்று எழுதி வைப்பேன். நம் வீட்டுப் பல்லுக்கு எதற்குப் பெயர், எனக்குத் தெரியாதா என்ற கொழுப்பு. முகாமுக்குத் திரும்புகிற அவசரத்தில் சின்னவள் அரைமணி நேரம் வந்து அச்சுக் கொடுத்துவிட்டு ஓடினாள், நானும் ‘வீடு’ என்று எழுதி வைத்தேன், மறுநாள் அலமாரியில் கை விட்டு ‘வீடு’ என்று இருந்ததை எடுத்தேன், செய்தேன், நீலப் பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். போட்டுப் பார்க்க அவளும் ஊரில் இல்லை.

முதல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் போன் வருகிறது. ‘அம்மா, இது யாரோட பல்லு?’ என்கிறாள். உன்னுதுதான், நல்லா அழுத்திக் கடி என்றேன். உட்காரவே மாட்டேங்குது என்றாள். விமானத்தில் போனால் தாடை வீங்கும் என்றேன். இருபத்தெட்டு வருட அனுபவம் இருந்தால் இப்படியெல்லாம் கூசாமல் சொல்ல வரும். அவள் விடாமல், ‘இடது பக்கம் கோரைப்பல் ஒண்ணு முந்திக்கிட்டு நிக்குதும்மா, எனக்கு எங்க அப்படி இருக்கு’ என்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. முந்திக்கொண்டு நிற்கிற கோரைப்பல் நம் வீட்டில் ஒருத்திக்குத்தான், அவள் இப்போது வெளிநாட்டில் உட்கார்ந்து பாலங்களில் விரிசல் தேடிக்கொண்டிருக்கிறாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. லிஃப்ட் ரிப்பேருக்குக் கிளம்ப ஷூ போட்டுக்கொண்டிருந்த அப்பா ஒரு கால் ஷூவோடு எழுந்து பட்டறைக்குள் போய் அலமாரியைப் பார்த்தார். சின்னவளின் அச்சு அங்கேயே தொடாமல் இருந்தது. ‘பெரியவளோடதை இன்னும் வச்சிருக்கியா’ என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அன்றைக்கு வெந்நீரில் போட்டுக் கடித்துக்கொள்கிற கடைக் கவசம் ஒன்றை வாங்கிச் சமாளித்தார்களாம். முப்பத்தெட்டுக்கு ஏழு என்று தோற்றார்கள். ரேடியோ அத்தை உடனே போன் செய்து, ‘தோத்தது போகட்டும், மூஞ்சி முழுசா இருக்கா, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணுமே’ என்றாள். பதினேழு வயதுப் பெண்ணுக்கு. அப்பாவின் தங்கை என்பதால் அன்பாகத்தான் பதில் சொன்னேன், அதன்பிறகு மூன்று நாள் போன் வரவில்லை, நிம்மதி.

இரண்டாவது ஆட்டத்தன்று நடந்தது வேடிக்கை. அந்த உதவாத கவசத்தைச் சின்னவள் நீலப் பெட்டியோடு கொண்டுபோய் உடை மாற்றுகிற அறையில் வைத்திருக்கிறாள், மற்றவர்கள் கேட்டதற்கு ‘எங்க அக்கா பல்லு’ என்றிருக்கிறாள், அந்த வானரங்கள் களத்துக்குப் போகுமுன் ஒவ்வொருத்தியாக அதைத் தொட்டுவிட்டுப் போயிருக்கின்றன. பதினேழுக்குப் பதினைந்து. ஜெயித்துவிட்டார்கள். இங்கே பட்டறையில் மேல் பல் செட் போட்டுப் பார்க்க வந்த ரிட்டயர்டு வாத்தியாரும் என்னோடு சேர்ந்து போனில் பார்த்தார். ஆட்டம் தெரியாது, நாடு மட்டும் தெரியும். கடைசி நிமிடத்தில் ‘தள்ளு, தள்ளு’ என்று கத்தினதில் வாயில் அளவு பார்க்கப் போட்டிருந்த மெழுகுச் செட் தெறித்துப் போய்ப் பிளாஸ்டர் வாளியில் விழுந்தது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள், அவருக்குப் பல் போன பிறகுதான் சத்தம் இன்னும் கூடியது.

மூன்றாவது ஆட்டத்துக்கும் அக்கா பல். இருபத்திநான்குக்குப் பன்னிரண்டு. அன்றைக்கு உன் அப்பா பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் இருந்தார். ‘பராமரிப்பு நடக்கிறது’ என்று பலகை மாட்டிவிட்டு ஆட்டம் முடிகிறவரை பராமரித்திருக்கிறார். பாவம், அத்தனை மாடிக்காரர்களும் நாட்டுக்காகப் படியேறினார்கள். அரையிறுதி என்றதும் செயலாளர் டிக்கெட்டுகளை மாற்ற அலைந்த அலைச்சலைப் பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. எதிரே இருக்கிற மருந்துக்கடைக்காரர், ‘பொம்பளைப் புள்ளைக்கு எதுக்கு இந்த முரட்டு ஆட்டம்’ என்று நான்கு மாதம் முன்னால் அறிவுரை சொன்ன அதே வாயால், ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அரையிறுதிக்குப் போகும்போது நீலப் பெட்டியைப் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார்கள். பத்தொன்பதுக்கு இருபத்திரண்டு, கடைசி நிமிடத்தில் ஒரு உதை, போயிற்று. காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான், நான் இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. பெட்டி கிடைத்ததா என்று அன்று சாயங்காலத்துக்குள் இரண்டு தரம் கேட்டேன், அவ்வளவுதான். கிடைத்துவிட்டது. சின்னவள் அழுதுகொண்டே சொன்னாள்.

மூன்றாம் இடத்துக்கான ஆட்டம் சனிக்கிழமை, அதுவும் உன் ஊரில். உன் வீட்டிலிருந்து நாற்பது நிமிடம், நான் மேப்பில் பார்த்துவிட்டேன். அவள் கூப்பிட்டதற்கு, வேலை இருக்கிறது, அந்த ஆட்டத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாயாம். ஒரு சனிக்கிழமை நீ பார்க்காவிட்டால் எந்தப் பாலமும் விழாது, ஆனால் உனக்கு ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். ஒன்பது வருடம் முன்னால், இதே வயதில், உன்னையும் இதே அணியின் முகாமுக்குக் கூப்பிட்டார்கள். அப்பா கையெழுத்துப் போட மாட்டேன் என்றார், நீ அவரைப் பார்த்து, ‘நீங்க ஒருநாளும் என்னை நம்பினதில்ல’ என்று கத்திவிட்டுப் போனாய், அன்றிலிருந்து அப்பாவும் மகளும் மழையைத் தவிர வேறு எதையும் பேசுவதில்லை. உனக்குத் தெரிந்தது இவ்வளவு.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி. அப்பா மாட்டேன் என்று சொல்லவில்லை. சொன்னது நான். அவர் முந்தின நாளே முகாமின் சம்மதப் படிவத்தைப் படித்து, ஒவ்வொரு வரியாகக் கேள்வி கேட்டு, கையெழுத்துப் போட்டு, காலையில் கொடுத்துவிடு என்று என்னிடம்தான் தந்தார். அன்றைக்குத்தான் நான் உனக்குக் கவசம் செய்ய அச்சும் எடுத்திருந்தேன். அதே வாரம் சைக்கிளிலிருந்து விழுந்த ஒரு பெண்ணை டாக்டர் அனுப்பியிருந்தார், உன் வயது, முன்பல் நான்கும் இல்லை. அவளுக்கு நான்கு பல் செய்து முடித்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் உன் அச்சு, அந்த முந்திரிக்கொட்டைக் கோரைப்பல்லோடு. ஊரில் எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பல் செய்வேன், இவளுக்குச் செய்ய என்னால் முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. பயந்துவிட்டேன் அம்மா. பயந்தேன் என்று சொல்லியிருந்தால் நீ என்னோடு சண்டை போட்டு ஜெயித்திருப்பாய், அதனால் அப்பா வேண்டாம் என்றுவிட்டார் என்று சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் மறைத்தது உன் அப்பாவை. நீ கத்தினபோது அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ‘மழை வர்ற மாதிரி இருக்கு, குடை எடுத்துட்டுப் போ’ என்று உன்னிடம் சொன்னார், அவ்வளவுதான். பிறகும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த வருடம் சின்னவளின் படிவம் வந்தபோது மட்டும், கையெழுத்துப் போட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ‘இந்தத் தடவை நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன்’ என்றார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

நேரில் சொல்லத் துணிவில்லாமல் ஒன்பது வருடம் கிண்டலும் கேலியுமாகவே உன்னிடம் பேசித் தள்ளியிருக்கிறேன். மன்னித்துவிடு என்று கேட்கிறேன், உடனே வேண்டாம், கோபப்பட உனக்கும் கொஞ்சம் நாள் வேண்டுமே. கோபத்தை என்மேல் வை. அவரிடமிருந்து எடுத்துவிடு, அது அங்கே தப்பான விலாசத்தில் கிடக்கிறது.

சனிக்கிழமை போ. குளிருக்குக் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு போ, காலையில் சாப்பிட்டுவிட்டுப் போ, அங்கே விற்கிற கண்டதையும் தின்னாதே. ஆட்டம் முடிந்ததும் உன் தங்கையிடம் அந்த நீலப் பெட்டியை வாங்கிக்கொள். அது உன் வாய்க்குச் சரியாக இருக்கும், உன் அம்மா வேறு எதில் தவறினாலும் அளவில் தவறமாட்டாள். உன் தங்கை ஜெயிக்கட்டும், தோற்றால் நீ பக்கத்தில் இரு. அன்று மாலை அப்பாவுக்குப் போன் செய், மழையைப் பற்றி மட்டும் பேசாதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு, நோய் நொடி இல்லாமல் இரு, நினைத்தது நடக்கட்டும்.

இதற்கு அடுத்த பக்கமாக வருகிற படத்தில் என் எழுத்து இருக்காது. உன் அச்சுக்குப் பின்னால் ஒன்பது வருடமாக மடித்து வைத்திருந்த உன் படிவம் அது. கீழே வலது மூலையில் பெரிதாக்கிப் பார், அப்பாவின் கையெழுத்து இருக்கிறது, தேதியோடு.

இப்படிக்கு,
அதைக் கொண்டுபோய்க் கொடுக்காத
உன் அம்மா