லிஸ்பனில் ஏழு மணி நேரம்

அன்புள்ள கேரல்,

நான் சுகம். உன் முதுகுவலி தேவலையா? மருந்தை நிறுத்தாதே.

நாளை கப்பல் லிஸ்பனில் நிற்கிறது. சலவை அறையிலிருந்து எனக்கு ஏழு மணி நேரம் விடுதலை! கால் தரையில் பாவவில்லை. வழக்கமாகத் துறைமுக வாசலில், இலவச வைஃபை கிடைக்கும் சுவரோரம் உட்கார்ந்து உன்னை அழைப்பேன். "எந்த ஊருக்குப் போனாலும் உங்க பின்னாடி ஒரு செவுருதாங்க தெரியுது" என்று போன மாதம் சொன்னாயே, உறைத்தது. இம்முறை மஞ்சள் டிராமில் மேட்டு உச்சிக்கு ஏறி, ஊரையே உனக்குக் காட்டப்போகிறேன். அங்கே சிக்னல் இல்லாவிட்டால் கீழே ஓடிவருவேன். நான் அழைக்கும்போது உனக்கு மாலை நாலரை மணி இருக்கும்.

ஷிப்ட் தொடங்கிவிட்டது, இந்த மெயிலை அனுப்பிவிட்டு ஓடுகிறேன். நீ மட்டும் ஃபோனோடு தெருவுக்கு வந்துவிடாதே. சர்ச் காலண்டர் மாட்டிய நம் சமையலறைச் சுவர் முன்னாலேயே உட்கார். எனக்கு அதைத்தான் பார்க்க வேண்டும்.

உன்
டிரேவர்