உங்கள் துவக்கு, என் கையில்

என்னோடு கூடப் பிறக்காமலே எனக்கு மூத்தவராகிவிட்ட நல்லதம்பி அண்ணனுக்கு,

இந்த மாதம் உங்கள் துவக்கின் லைசென்ஸ் என் பெயருக்கு மாறியது. அரசாங்கக் கச்சேரியில், துவக்குப் பதிவேட்டில், உங்கள் பெயரின் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்தார்கள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். "இந்தப் பழசை ஏன் எடுக்கிறீங்க?" என்று எழுதுவினைஞர் கேட்டார். அவருக்கு என்னத்தைச் சொல்ல?

நாம் இருவரும் துறைமுகத்தில் வேலை செய்த காலம். லீவு நாட்களில் திரியாயில் உங்கள் வயலுக்கு வருவேன். உங்களிடம் இருந்தது சன்னம் சிதறும் பழைய ஒற்றைக்குழல் துவக்கு. ஒருநாள் அதன் சூடு பட்டு ஒரு பெண்மான் ஓடிப்போனது. இருட்டும்வரை தேடியும் கிடைக்கவில்லை. மறுநாள் காகங்கள்தான் இடத்தைக் காட்டின. அதன் மடியில் பால் கட்டியிருந்தது. நீங்கள் பக்கத்தில் குந்திக்கொண்டு வெகுநேரம் எழும்பவில்லை.

"இனி இதால மான் சுடமாட்டன், தம்பி. விழுத்தினா நிண்ட இடத்திலேயே விழுத்தவேணும். இல்லாட்டி விட்டிட வேணும்."

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போன ஆண்டு, ஓர் அதிகாரி இரண்டு ரைபிள்களை விற்க வைத்திருந்தார். இரண்டும் ஒவ்வொரு சூட்டுக்கும் பின்னால் உள்ள தாழ்ப்பாளை இழுத்துத் தள்ளுகிற வகை. ஒன்றின் கட்டை செதுக்கு வேலையோடு பளபளத்தது. மற்றதில் கீறல்கள். சுட்டுப் பார்க்காமல் எடுக்கமாட்டேன் என்று நீங்கள் அடம்பிடித்தீர்கள். உப்புவெளிக்கு அப்பால் ஒரு மணல்மேட்டில் பலகை நட்டுக் கடுதாசி ஒட்டி, நூறு யார் தூரம் தள்ளிப் படுத்து, ஒவ்வொன்றாலும் மூன்று தரம் சுட்டீர்கள். பளபளத்ததன் ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறிக் கிடந்தன. கீறல் விழுந்ததன் மூன்றையும் ஒரு பாக்கால் மூடிவிடலாம்.

"பளபளக்கிறதுதான் வடிவு, அண்ணன்," என்றேன்.

"வடிவு எங்களுக்கு. மானுக்கு அதால என்ன?"

கீறல் விழுந்ததையே வாங்கினீர்கள். பிறகு அதை நீங்கள் பார்த்துக்கொண்ட விதம்! மாரி முடிந்ததும் மறுபடி கடுதாசியில் சுட்டுப் பார்க்காமல் காட்டுக்கு எடுக்கமாட்டீர்கள். ஈரத்தில் கட்டை ஊதினால் குறி விலகும் என்பீர்கள். குழலுக்குள் எண்ணெய்த் துணி விடாமல் ஒருநாளும் படுக்கமாட்டீர்கள்.

முதல் மான் குளக்கட்டில் நின்றது. ஒரே வெடி. நின்ற இடத்திலேயே மடிந்தது. அறுக்கக் கத்தியோடு ஓடினேன். நான் போக முன்னமே உயிர் போய்விட்டது. அன்றைக்கு உங்கள் வீட்டில் எல்லாரும் இறைச்சி சாப்பிட, நான் பருப்போடு சாப்பிட்டேன். நீங்கள் உங்கள் சோற்றுக் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தீர்கள்.

"நல்ல துவக்கு வாங்கி உன்னைப் பட்டினி போட்டிட்டனே."

"அப்பிடிக் கதைக்காதீங்க, அண்ணன். அறுக்க முதல் செத்தா எங்களுக்குச் சாப்பிட ஏலாது. அவ்வளவுதான்."

"நீ சுட்டா?"

பள்ளிவாசல் லெப்பையிடம் கேட்டுச் சொன்னேன்: முஸ்லிம் ஒருவன் அல்லாஹ்வின் பெயரைச் சொல்லிச் சுட்டால் ஆகும். அடுத்த முறை காட்டில் மானைக் கண்டதும் துவக்கை என் கையில் தந்தீர்கள். "சொல்லுறதைச் சொல்லிப்போட்டுச் சுடு," என்று காதோடு சொன்னீர்கள். அதன்பிறகு நாம் சேர்ந்து போன எல்லா வேட்டையிலும் அப்படியே. நீங்கள் தடம் பார்த்தீர்கள், காற்றுப் பார்த்தீர்கள். விசையில் என் விரல்.

மற்ற ஆட்களோடு போகும்போது நீங்கள் சுடுவீர்கள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபிறகு, ஒருநாள் எனக்கு அக்காவான உங்கள் மனைவிதான் சொன்னார்:

"வேற ஆரோட போனவர்? நீங்கள் வராட்டி அந்தத் துவக்கு அலுமாரியை விட்டு இறங்காது, தம்பி. நீங்களே அதை உங்கட பேருக்கு எடுங்கோ."

இத்தனை வருடமும் உங்கள் விரல் ஒருநாளாவது ஏங்கவில்லையா, அண்ணன்? ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை?

போன கிழமை உங்கள் முதல் வருட ஆட்டத்திவசம். உங்களுக்குப் படைக்க மான் இறைச்சி வேண்டும் என்று அக்கா ஆசைப்பட்டார். அதிகாலையிலேயே போனேன். பெரிய கலைமான், கொம்பும் தெரிந்தது. ஆனால் குளத்துக்கு மற்றக் கரை. இடையில் நாணல் காற்றுக்கு ஆடியது. துவக்கு ஏலும் என்றது. என் மூச்சு அடங்கவில்லை. குறியில் மானை வைத்தபடி காத்திருந்தேன். உங்களுக்கான இறைச்சி, அண்ணன்! இன்றைக்கு விட்டால் என்றைக்கு என்று மனம் அடித்துக்கொண்டது. கடைசியில் தாழ்ப்பாளைத் திறந்து தோட்டாவை வெளியே எடுத்தேன்.

வெறுங்கையோடு குசினி வாசலில் போய் நின்றேன்.

"காணேல்லையோ?" என்றார் அக்கா.

"கண்டனான். தூரம், அக்கா."

"அவரும் சுட்டிருக்க மாட்டார்," என்று சொல்லிவிட்டு அக்கா மீன் சட்டியை அடுப்பில் வைத்தார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அது புகையாகவும் இருக்கலாம்.

ஆகவே உங்களுக்கு இந்த முறை மீன்தான் கிடைத்தது. பொறுத்துக்கொள்ளுங்கள். நான் இருக்கும்வரை, நிச்சயமில்லாத குறிக்கு இந்தத் துவக்கு வெடிக்காது. என் கையை விட்டு யாரிடம் போனாலும், முதலில் கடுதாசியில் சுட்டுக் காட்டச் சொல்லித்தான் கொடுப்பேன்.

உங்கள் தம்பி,
காசிம்
கிண்ணியா