கட்டெறும்பின் மெத்து

ஜூன் 4

கோட்டுக்காரர் இன்றும் சலவைக்கடைக்கு வந்து கத்திவிட்டுப் போனார். காலர் மடிப்பு சரியில்லையாம். அவர் கழுத்தே சரியில்லை, காலர் என்ன செய்யும்? சொல்லவில்லை. மறுபடி இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

அவர் போன பிறகு கவுன்டர் மணி அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் ஆள் இல்லை. அந்த மணியைப் பேத்திதான் ஓயாமல் தட்டிக்கொண்டிருப்பாள். தொல்லை தாங்காமல் நான்தான் பிடுங்கி மேல் தட்டில் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, தூசி பிடித்து. அப்புறம் எது அடித்தது?

மனைவியிடம் கேட்டேன். "எனக்குந்தான் கேக்குது. வேலயப் பாருங்க" என்றாள்.

ஜூன் 9

தீர்ப்பு வந்துவிட்டது.

மகள் இறந்த பிறகும் பேத்தி கட்டெறும்பு எங்களோடுதான் இருந்தாள். (பல் முளைத்ததும் என் விரலைக் கடித்து வாங்கிய பெயர்.) அவள் அப்பா வழக்குப் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். விவாகரத்து ஆனபோது "குழந்தை அம்மாகிட்டயே இருக்கட்டும்" என்று தலையாட்டிய அதே மனிதர். அம்மா இல்லை, அப்பா இருக்கிறார். சட்டத்துக்கு அவ்வளவுதான் கணக்கு. பார்க்கவாவது விடுங்கள் என்று நாங்கள் கேட்டதற்கு இன்று பதில்: ஒரு சனிக்கிழமை விட்டு ஒரு சனிக்கிழமை, நீதிமன்றத்துக் குழந்தைகள் அறையில் ஒரு மணி நேரம். ஆலோசகர் கூடவே உட்கார்ந்து கவனிப்பார். அவர் சொல்வதை வைத்துத்தான் இது தொடருமா, நிற்குமா என்று முடிவு.

"குழந்த உங்களப் பாத்து பயப்படாம, அழாம இருந்தா போதும் ஐயா" என்றார் எங்கள் வக்கீலம்மா. என்னைப் பார்த்து அழுவாளா? நான் என்ன பூச்சாண்டியா?

ஜூன் 12

மெத்துவைக் கொண்டுபோகலாம் என்றாள் மனைவி. நல்ல யோசனை. மெத்து என்பது மகளின் பழைய பருத்திச் சட்டை. அம்மா போன நாளிலிருந்து எறும்பு அதை முகத்தில் வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். கூட்டிக்கொண்டு போன அன்று அவசரத்தில் தலையணைக்கு அடியிலேயே தங்கிவிட்டது.

எடுத்துப் பார்த்தேன். ஐயையோ! பால் கறை, எச்சில் கறை, காலர் கறுத்துப்போய்... சலவைக்கடைக்காரன் பேத்தி வைத்திருக்கும் துணியா இது? அந்த ஆள் கையில் இப்படியே கொடுத்தால், "இந்த லட்சணத்துலதான் வளத்தாங்க" என்று சொல்ல மாட்டாரா?

ஜூன் 13

மெத்து தயார். மிஷினில் போடவில்லை, கையாலேயே துவைத்தேன். இளஞ்சூட்டுத் தண்ணீர், கஞ்சி கிடையாது, கறைக்குத் தனியாக மருந்து. நிழலில் உலர்த்தி, ஆவி இஸ்திரி போட்டு, மெல்லிய காகிதத்தில் மடித்து வைத்தாயிற்று. புதுச் சட்டை தோற்றுப்போகும். மனைவியிடம் காட்டவில்லை. நாளை அங்கே பிரிக்கும்போது அவளும் பார்த்து மலைக்கட்டும்.

ஜூன் 14

எழுதக் கை வரவில்லை.

ஜூன் 15

எழுதித்தான் ஆகவேண்டும், நேற்று நடந்ததை.

மஞ்சள் சுவர். சின்னச் சின்ன நாற்காலிகள், உட்கார்ந்தால் முழங்கால் நெஞ்சில் இடிக்கிறது. எறும்பு ஓடி வந்தாள். ஓடித்தான் வந்தாள் — அதை யாரும் மறுக்க முடியாது.

"மெத்து கொண்டாந்தியா தாத்தா?"

முதல் கேள்வியே அதுதான். பிரித்துக் கொடுத்தேன். முகத்தில் வைத்தாள். எடுத்தாள். புரட்டி மறுபக்கம் வைத்தாள். கைப்பக்கம் முகர்ந்தாள், காலரை முகர்ந்தாள்.

"இது மெத்து இல்ல."

"மெத்துதான்டா கண்ணு. பாரு, அதே பட்டன்."

"இல்ல. அம்மா வாசன எங்க? அம்மாவ என்ன பண்ண?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அடப்பாவி! என்ன காரியம் பண்ணித் தொலைச்சேன்...

தரையில் உட்கார்ந்து அலறினாள். தூக்கப் போனால் உதைத்தாள். ஆலோசகர் எழுதிக்கொண்டே இருந்தார். மனைவி அந்தச் சட்டையை எடுத்து ஒரு தடவை முகர்ந்தாள். என்னைப் பார்த்தாள்.

பேருந்தில்தான் வாயைத் திறந்தாள். "தெனமும் நீங்க கடை தெறக்கப் போனப்புறம் நான் அத மோந்துட்டுதான் கெளம்புவேன். தெரியுமா உங்களுக்கு? எம்பொண்ணு அதுலதான் மிச்சம் இருந்தா."

தெரியாது. எனக்கு என்ன தெரியும்? கறை எடுக்கத் தெரியும்.

ஜூன் 18

வீட்டையே புரட்டிப்போட்டுவிட்டேன். மகளின் அலமாரி, போர்வை, கைப்பை, மழைக்கோட்டு — எதிலாவது கொஞ்சம் ஒட்டியிருக்காதா? எல்லாம் சுத்தம். அவள் போன அந்த வாரமே அத்தனையையும் கடைக்கு அள்ளிக்கொண்டுபோய்த் துவைத்து அடுக்கியவன் நான். துக்கத்தில் வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. மெத்து மட்டும்தான் அன்று தப்பித்தது, எறும்பு விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்ததால்.

அவளைக் கூட்டிக்கொண்டு போனதும் அதற்கும் காவல் போய்விட்டது.

ஜூன் 20

மணி அடித்தது. நான் நிமிரவில்லை.

ஜூன் 28

இரண்டாவது சனிக்கிழமை. எறும்பு என் பக்கமே வரவில்லை. பாட்டியோடு உட்கார்ந்து படம் வரைந்தாள். அப்பா, பாட்டி, ஒரு பூனை.

"தாத்தா எங்கடி?" என்று கேட்டாள் மனைவி.

"கடையில தொவைச்சுட்டு இருக்காரு."

வெளியே மாப்பிள்ளை நின்றிருந்தார். பழைய மாப்பிள்ளை. இப்போது என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது? ஆத்திரம் தாங்கவில்லை. "எல்லாம் உங்களுக்குச் சாதகமாத்தான் நடக்குது. சந்தோஷந்தானே?" என்று கேட்டுவிட்டேன். எனக்குத் தேவையா இந்த வாய்?

அவர் கோபப்படவில்லை. "அவ தூங்கறதே இல்ல மாமா. என் சட்டையக் குடுத்துப் பாத்தேன், தூக்கி எறிஞ்சுட்டா" என்றார். கார் சாவியைத் திருகிக்கொண்டே, "அவ அம்மா வாசன எப்பிடி இருக்கும்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். எனக்கு வரவே மாட்டேங்குது" என்றார்.

எனக்கும் வரவில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதுகிறேன்.

ஜூலை 7

நீதிமன்றம். மாப்பிள்ளையின் வக்கீல் ஆலோசகரின் அறிக்கையைத் தூக்கிப் பிடித்தார். குழந்தை தாத்தாவைக் கண்டு அலறியதாம், சந்திப்பை நிறுத்தவேண்டுமாம். முடிந்தது கதை என்று நினைத்தேன். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள், இத்தனை நாளுக்குப் பிறகு.

எங்கள் வக்கீலம்மா எழுவதற்குள் மாப்பிள்ளை எழுந்துவிட்டார்.

"அவர் தப்பா எதுவும் பண்ணலைங்க. துணியத் தொவைச்சாரு. அது அவரு தொழில்."

அவருடைய வக்கீல் முகத்தில் ஈயாடவில்லை. நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு யோசித்தார். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் மாலை வரை, எங்கள் வீட்டிலேயே.

வாசலில் அவருக்கு நன்றி சொல்லப் போனேன். வாயில் வந்தது வேறு: "காலர் கசங்கியிருக்கு. கடைக்கு அனுப்புங்க." நான் எல்லாம் ஒரு மனுஷன்! ஆனால் அவர் சிரித்தார்.

ஜூலை 20

எறும்பு வந்தாள். வந்ததும் கடைக்குப் போகணும் என்றாள். மணியை இறக்கித் துடைத்துக் கவுன்டரில் வைத்திருந்தேன். பார்த்தாள், தட்டவில்லை. நேராக உள்ளே போனாள், ஹேங்கரில் தொங்கும் துணிகளுக்கு நடுவே. நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொன்றாக இழுத்து முகர்ந்துகொண்டே நடந்தாள் — கோட்டுக்காரர் கோட்டு, யாரோ நர்ஸின் சீருடை, யார் வீட்டுத் திரைச்சீலையோ. ஒன்றையும் விடவில்லை. கடைசி வரிசை முடிந்ததும் திரும்பினாள்.

"எல்லாம் ஒரே வாசன தாத்தா."

"ஆமாண்டா."

நான் அங்கேயே துணிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டேன், வெட்கங்கெட்டுப்போய். அவள் கிட்டே வந்தாள். என் தோளில் மூக்கை வைத்துப் பார்த்தாள். "நீயும் அதேதான்" என்றாள். ஆனால் மூக்கை எடுக்கவில்லை.

சாயங்காலம் கார் வந்தது. ஏறப் போனவள் நின்று, மழைக் குளிருக்குப் போட்டிருந்த ஸ்வெட்டரைக் கழற்றி என் கையில் திணித்தாள்.

"இத இங்க வெச்சுக்கோ."

"குளிருமேடா."

"வெச்சுக்கோ. ஆனா தொவைக்காத. அம்மாவத் தொவைச்ச மாதிரி என்னையும் தொவைச்சுடாத."

மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜூலை 21

ஸ்வெட்டரின் கைப்பக்கம் சாக்லேட் கறை. ஒரு நிமிஷ வேலை. கை குறுகுறுக்கிறது. மனைவி என் கையிலிருந்து வாங்கித் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "கடையத் தெறங்க, நேரமாச்சு" என்று முன்னால் போய்விட்டாள்.

அவள் தெரு திரும்பியதும் தலையணையைத் தூக்கி மூக்கை வைத்தேன். இன்று கடை திறக்க ரொம்பத் தாமதமாகிவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது கோட்டுக்காரர் வாசலில் நின்று மனைவியிடம் கத்திக்கொண்டிருந்தார்.