படையல் சேலை

ஓசூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே, தேநீர்க் கடைத் தொலைக்காட்சியில் அந்த மஞ்சள் சேலையைப் பார்த்தேன், அக்கா. பச்சைக் கரை, முந்தானையில் சின்னச் சின்ன மாங்காய். அதற்குப் பிறகு டீயைக் குடிக்க முடியவில்லை.

"இப்ப பாரு, இந்தப் பொண்ணுதான் சாகப்போவுது" என்றார் ஷிப்ட் முடிந்து வந்த ஒருவர்.

"கதையச் சொல்லித் தொலைக்காதய்யா. நேத்தும் இப்படித்தான் கெடுத்த."

"கதையாவது? நம்மூர்ல நடந்த கேசுய்யா இது."

உங்கள் மகளின் கொலை வழக்கைத் தொடராக எடுத்திருக்கிறார்கள். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அது ஒளிபரப்பாகும் முன்பே நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

உங்களை நான் முதலில் பார்த்தது கிருஷ்ணகிரி நீதிமன்ற வாசலில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் சாமல்பட்டியிலிருந்து பஸ் மாறி வருவீர்கள். வழக்கு இழுக்க இழுக்க நிருபர்கள் குறைந்து, கடைசியில் நான் மட்டும் மிஞ்சினேன். "மத்தவங்கல்லாம் எங்க தம்பி, வேற கொலைக்குப் போயிட்டாங்களா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

தொழிற்சாலை வேலை முடிந்து, கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வாடகை அறைக்கு நடந்த உங்கள் மூத்த மகள் போய்ச் சேரவில்லை. அவளைத் தொந்தரவு செய்துகொண்டிருந்தவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. என்னைப் பொறுத்தவரை செய்தி அத்துடன் முடிந்தது. உங்கள் வீட்டில் முடியவில்லை. கல்யாணமாகாமல் இறந்த பெண்ணைப் பூவாடைக்காரி என்று கும்பிடுகிற வீடு அது. ஆடிதோறும் புதுச் சேலை வைத்துப் படைப்பீர்கள். மறுநாள் வீட்டின் கன்னிப்பெண் அதைக் கட்டினால், இறந்தவளே கட்டியதாகக் கணக்கு. பல வருஷம் உங்கள் இளைய மகள் கட்டினாள். அவளும் கல்யாணமாகிச் சிங்காரப்பேட்டைக்குப் போனபின் சேலைக்கு ஆளில்லை.

அந்த ஆடியில்தான் தொடர்காரர்கள் வந்தார்கள். கூட இருக்கச் சொல்லி என்னையும் அழைத்திருந்தீர்கள். உங்கள் மகளாக நடிக்கப்போகிறவளும் வந்திருந்தாள். அவள் கன்னத்தை வழித்து, படையல் சேலையைக் கையில் கொடுத்தீர்கள்.

"இதக் கட்டிக்கினு ஒரு எடத்துல சிரிச்சா போதும் கண்ணு. எம்பொண்ணு அழுமூஞ்சி இல்ல."

"கண்டிப்பாம்மா" என்று அவள் சேலையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

தேநீர்க் கடையில் நான் பார்த்தது அந்தச் சேலையை. ஆனால் அதைக் கட்டியவள் எங்கும் சிரிக்கவில்லை. ஆளில்லாத சாலையில் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி வந்தாள். பிறகு அதே சேலையோடு சேற்றில் கிடந்தாள். உண்மையில் உங்கள் மகள் அன்று கம்பெனிச் சீருடையில் இருந்தாள். நடிகை உங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்தே அதைக் கட்டியிருப்பாள். படையல் சேலையை யார் கட்டினாலும் இறந்தவளே கட்டியதாகக் கணக்கு என்பது அவளுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

மறுநாள் உங்கள் இளைய மகள் போன் செய்தாள்.

"பாத்தீங்களா சார்? பூவாடைக்காரி சேலையிலயே மறுக்கா கொன்னுட்டாங்களேன்னு ஊர்ல அழுவுறாங்க. இனிமே மஞ்சள எப்படி வெச்சுப் படைக்கிறது? அக்காவுக்குப் புடிச்ச கலராச்சே, மாத்துனா கோவிச்சுக்குமா?"

தன் அக்கா இறந்தபோது அவள் சிறுமி. மஞ்சளை எடுத்தது நீங்கள் என்பதைத் தவிர அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. நீதிமன்றப் படிக்கட்டில் பொரி தின்றபடி நீங்கள் ஒருநாள் சொன்னதை அவளிடம் சொன்னேன்:

"மஞ்ச எனக்குப் புடிச்சது தம்பி. அவளுக்கு ஊதாதான். கத்திரிக்கா கலர எவடி கட்டுவான்னு கடையிலயே திட்டிட்டேன். திரும்பி வர்றப்ப பஸ்ஸுல எம்பக்கத்துலகூட உக்காரல. படையலுக்கு மஞ்சதான வெக்கணும்? இப்பவும் மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினுதான் இருப்பா."



"ஊதாவா?" என்றாள். "வர்ற ஆடிக்கு ஊதாவே எடுத்துர்றேன் சார். யார் திட்டுனாலும் சரி."

காயங்கள், சாட்சிகள், தீர்ப்பு என நான் எழுதியதெல்லாம் அந்தத் தொடரில் இருக்கிறது. அதில் வரும் பெண் பயப்படுகிறாள், ஓடுகிறாள், சாகிறாள். யாரிடமும் கோபித்துக்கொள்ளவில்லை. என்னிடம் இருப்பவள், நான் உயிரோடு ஒருமுறையும் பார்த்திராத அந்தப் பெண், ஓடுகிற பஸ்ஸில் உங்களுக்கு முன் இருக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.