அம்மாவின் இருக்கையில் ஐஸ் பெட்டி

என் குறும்புகளுக்கெல்லாம் முதல் ஆளாய்ச் சிரித்த அப்பாவுக்கு,

நீங்கள் போய் எட்டு மாதம். இந்த எட்டு மாதமும் மேல்மாடி அங்கிளின் அழைப்புமணியை அழுத்திவிட்டு நான் ஓடவில்லை. சீனிப் போத்தலில் உப்பைக் கொட்டவும் இல்லை. திருந்திவிட்டேன் என்று நினைக்காதீர்கள். சேர்ந்து சிரிக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இன்று சிரிப்புக்காக எழுதவில்லை, கோபத்தில் எழுதுகிறேன். உங்கள் அண்ணா, அதுதான் கனடாப் பெரியப்பா, ஓகஸ்ட் விடுமுறைக்கு வந்திருக்கிறார். கூடவே பெரியம்மா, பத்து வயது ஆதி, ஆறு சூட்கேஸ். வந்த நாளிலிருந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டில் ஒரே மாநாடு. தலைப்பு: எந்தக் கடற்கரைக்குப் போவது? சுற்றிவரக் கடற்கரை உள்ள தீவில் நான்கு நாளாக இவர்கள் கரைசேரவில்லை.

"மிரிஸ்ஸவில திமிங்கிலம் பாக்கலாமாம்," என்றார் பெரியம்மா, போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தபடி.

"அதுக்கு விடிய எழும்போணும். உனவட்டுனவில சும்மா படுத்துக் கிடக்கலாம்," என்றார் பெரியப்பா. படுப்பதற்கு ஏன் அவ்வளவு தூரம்? எங்கள் சோபாவில் நான்கு நாளாக அதைத்தானே செய்தார்!

"அறுகம்பேயில சேர்ஃப் பண்ணோணும்," என்றான் ஆதி. தண்ணீரில் காலை வைத்தாலே கத்துகிற பிள்ளை.

"நிலாவெளி?"

"ஐயோ, சரியான தூரம்."

"இஞ்சயும் கடல் இருக்குத்தானே பெரியம்மா," என்றேன் நான். "ரயில் பாதையைக் கடந்தால் வந்திடும். மூக்கை மட்டும் பொத்தோணும்."

"உனக்கு எப்பவும் பகிடி," என்று பெரியம்மா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதுவரை வீடு நன்றாகத்தான் இருந்தது.

பிறகு ஆதி கேட்டான்: "சித்திக்கு எந்த பீச் விருப்பம்?"

தேநீர்த் தட்டோடு நின்ற அம்மா வாய் திறக்குமுன் பெரியம்மா முந்திக்கொண்டார். "சித்தி எப்பிடியடா வாறது? சித்தப்பாவின்ர ஆட்டை முடியேல்லைத்தானே. புருசன் போய் ஒரு வருசத்துக்குள்ள கடல் குளிக்கப் போனால் ஆக்கள் என்ன கதைப்பினம்?"

முதலாண்டு ஆட்டைத் திவசம் வரும்வரை வீட்டில் கொண்டாட்டம் இல்லை. சரி. இந்தத் தைப்பொங்கலுக்கு நாங்கள் பொங்கவில்லை, சித்திரை வருடப்பிறப்புக்கு எனக்குப் புதுச்சட்டை இல்லை. நான் ஒரு முணுமுணுப்புக்கூட விடவில்லை, அப்பா. ஆனால் பெரியப்பா உங்கள் கூடப்பிறந்தவர் இல்லையா? அவருக்கு உனவட்டுன சரி, அம்மாவுக்கு மட்டும் அடுப்பும் குசினியுமா? இந்தக் கணக்கை எந்தச் சோதனைத்தாளில் போட்டாலும் பிழைதானே?

அம்மா கோப்பைகளை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனார்.

மாநாடு கடைசியில் மிரிஸ்ஸவில் வந்து நின்றது. இந்த மாதத்தில் தெற்குக் கடல் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கரை முழுக்கச் சிவப்புக் கொடி, திமிங்கிலப் படகும் ஓடாது. அவர்கள் போய் அறைக்குள் இருந்து அலையைப் பார்க்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். சத்தமில்லாமல் நான் செய்யப்பார்த்த முதல் குறும்பு அது. ஆதிக்கு நீந்தத் தெரியாது என்பது எனக்கு நினைவுக்கு வரவேயில்லை.

அம்மாவுக்கு வந்தது. "அக்கா, இப்ப தெற்குப் பக்கம் வேண்டாம்," என்றார் குசினி வாசலில் நின்று. "கடல் கொந்தளிப்பு. பிள்ளையை வைச்சுக்கொண்டு இறங்கேலாது. கிழக்கில பாசிக்குடாவுக்குப் போங்கோ. கனதூரம் நடந்தாலும் தண்ணி இடுப்புக்கு மேல ஏறாதாம். இவர் சொல்லுறவர்."

கேட்டீர்களா? பாசிக்குடா! கடலென்றால் பயப்படுகிற அம்மாவை நீங்கள் கூட்டிக்கொண்டு போவதாகச் சொன்ன ஒரே கடற்கரை. முதலில் உங்கள் கந்தோரில் லீவு இல்லை, பிறகு என் சோதனை, பிறகு நீங்களே இல்லை. அந்தக் கடலைத் தட்டில் வைத்துத் தேநீர்போலக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்ப அம்மாவும் வரோணும்," என்றேன். "அப்பா பெரியப்பாவுக்கும் தம்பிதானே? கனடாப் பாஸ்போட்டுக்கு ஆட்டை இல்லையோ?"

பகிடி என்று நினைத்து ஆதி மட்டும் சிரித்தான். பெரியப்பா கோப்பையைக் கீழே வைத்தார்.

"வாயை மூடு, ஆரணி! பெரியாக்களோட கதைக்கிற கதையே இது?" அது அம்மா. திட்டு விழுந்தது எனக்குத்தான். வேறு யாருக்கு விழும்?

நேற்றுக் காலை வான் வந்தது. ஓட்டுபவர் உங்கள் கொட்டாஞ்சேனைக் கூட்டாளி அன்ரன் மாமா. அவருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. "அக்கா, உங்களுக்கு முன்சீட்டுத் துடைச்சு வச்சிருக்கன், ஏறுங்க," என்றார். அம்மா விடிய எழும்பி அவித்த இடியப்பப் பார்சலைக் கொடுத்தபடி, "எனக்கு வேலை இருக்கு அன்ரன்," என்றார். வெறும் சீட் ஏன் என்று பெரியம்மா அதில் ஐஸ் பெட்டியைத் தூக்கி வைத்தார். ஆடாமல் இருக்கட்டும் என்று பெல்ட்டும் போட்டுவிட்டார். என்னையும் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.

வான் போனபிறகு அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: "பிள்ளை, அங்க உண்மையா இடுப்பளவுதான் தண்ணியோ?"

"அப்பா அப்பிடித்தானே சொன்னவர்."

"ஓம்... அவர் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார்."

சொல்லிவிட்டுக் குழாயை மூடினார். கழுவ இன்னும் கோப்பைகள் இருந்தன.

அப்பா, அவருக்கு விருப்பமில்லை என்றால் நான் இவ்வளவு கத்தியிருக்கமாட்டேன். விருப்பம் இருக்கிறது. அவரிடம் கேட்கத்தான் ஒருவரும் இல்லை. அம்மா குசினிக்குள் நின்றால்தான் நீங்கள் சாந்தியடைவீர்களா? உங்களை எனக்குத் தெரியாதா?

இன்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பெரியப்பா இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறார். நீங்கள் கூட்டிச் சொல்லவில்லை! கீழே பெரியம்மா, 'தம்பியை நினைத்துக்கொண்டோம்' என்று எழுதிக் கைகூப்பியிருக்கிறார். இந்தக் கடிதத்தை அந்தப் படங்களுக்குக் கீழேதான் போடப்போகிறேன். பெரியப்பா, வாசியுங்கள். இது பகிடி இல்லை.

ஆட்டைவரை பொறு என்பார்கள். ஆட்டை வருவது மார்கழியில். அப்போது கிழக்குக் கடல் கொந்தளிக்கும். பொறுத்தால் இன்னொரு வருடம் போய்விடும். அம்மா ஏற்கெனவே எத்தனை வருடம் பொறுத்தவர்?

ஆகவே இது என் வாக்கு. மட்டக்களப்பு ரயிலில் அம்மாவும் நானும் இந்த மாதமே போவோம். கோயிலுக்கு என்று பொய் சொல்லி ஏற்றிவிடலாம், எனக்கு அதெல்லாம் தண்ணிபட்ட பாடு. செய்யமாட்டேன். எங்கே போகிறோம் என்று தெரிந்து, தானாகவே அவர் ஏறவேண்டும். இன்று மாட்டேன் என்றால் நாளைக்குக் கேட்பேன். காற்று மாறி அந்தக் கடல் கொந்தளிக்கும்வரை ஒவ்வொரு நாளும் கேட்பேன்.

அம்மாவின் பக்கம் நிற்கும்,
உங்கள் ஒரே மகள்
ஆரணி