தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஓர் அட்டை

அக்கா, நனைந்த முட்டை அட்டையின் வாசம் இன்னும் என் விரலை விட்டுப் போகவில்லை. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன். ஒரு வாரமாக எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. உங்களிடம் சண்டை போட வேண்டும். நீங்களோ ஐப்பசியிலேயே சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டீர்கள்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நல்ல காரியம் எதற்கும் என்னை முன்னால் நிறுத்த ஆளில்லை. கல்யாண வீட்டில் நானே கடைசி நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்வேன். நீங்கள் மட்டும் அந்த வருடத் தையிலேயே என் வாசலில் வந்து நின்றீர்கள். "கண்ணு, மாடிக்கு வா. நாத்துக்கு மொத வெதை உங்கையாலதான் போடோணும்" என்றீர்கள். உங்கள் மொட்டை மாடியில் முட்டை அட்டைகள் வரிசையாக இருந்தன. குழிகளில் செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து நிரப்பியிருந்தீர்கள்.

வெறுங்கையோடு வரக் கூடாதென்று நானும் ஒரு பை கோழி எரு கொண்டுவந்தேன். நாமக்கல்லில் அதற்கா பஞ்சம், தம்பி பண்ணையில் அன்று காலை அள்ளியது. என் அட்டையில் இரண்டு கை கலந்தேன். "பச்சை எருவு சூடு கண்ணு, வெதை வெந்துரும்" என்றீர்கள். என் முகம் சுருங்கியதைப் பார்த்திருப்பீர்கள். அதற்கப்புறம் ஒரு வருடமும் நீங்கள் அதைச் சொல்லவில்லை.

எட்டாம் நாள் என் அட்டையில் முப்பது குழியிலும் தக்காளி முளைத்து நின்றது. "பாத்தியா, ராசிக்கை" என்றீர்கள். ஆறு வருடமும் அப்படியே. சந்தையில் காய் பொறுக்கும்போதுகூட அந்தக் கையைக் கொஞ்சம் பெருமையாகத்தான் நீட்டுவேன். சிரிக்காதீர்கள்.

இந்தத் தையில் உங்கள் மகன் வந்து கூப்பிட்டான். வழக்கம்போல எருவோடு போய்ப் போட்டேன். எட்டாம் நாள் மாடியேறியவள் அப்படியே நின்றுவிட்டேன். மற்ற அட்டைகளெல்லாம் பச்சை. என்னுடையதில் ஒன்றுகூட இல்லை. துக்கம் நடந்த வீட்டில் போய் என் கையை வைத்தேனே என்று அதை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன்.

பக்கத்தில் நின்ற உங்கள் மகன் அசரவே இல்லை. "வருசா வருசம் உங்க அட்டை இப்படித்தானுங்களே, சின்னம்மா. அம்மா தண்ணித் தொட்டிக்குப் பின்னால இன்னொண்ணு போட்டு வெச்சிருந்து, மொளைச்சதும் மாத்திருவாங்க. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சனுங்க" என்றான்.

ஆறு வருடம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏமாற்றியிருக்கிறீர்கள். எரு வேண்டாமென்று ஒரு அதட்டல் போட்டிருந்தால் ஆகாதா? போட்டிருந்தால் மறுவருடம் நான் வந்திருக்க மாட்டேன். அது உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. கோபப்படுவதா, அழுவதா என்றே எனக்குப் புரியவில்லை.

இறங்கிப் போகத் திரும்பினேன். அவன் புது அட்டை ஒன்றை நீட்டினான். "எருவ மட்டும் விட்டுப்போட்டு நீங்களே போடுங்க." வாங்கிப் போட்டேன்; விதை பாதி தரையில் சிந்தியது.

இன்று காலை போய்ப் பார்த்தேன். இருபத்திரண்டு குழியில் முளை வந்திருக்கிறது. அட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தும் நம்ப முடியவில்லை. தொட்டிக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன், அக்கா. அங்கே ஒன்றும் இல்லை.